ஒரு வலை போதும்

ஆமை முட்டைகளைக் காக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்ன அன்று மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நீ ஆமை வீட்டுக்குள் புகப் போகிறேன் என்கிறாயே!" என்றார். நான்கு பருவங்கள் ஓடிவிட்டன. அவர் இன்னும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வோர் அக்டோபரிலும், "அங்கே மழை பெய்ததா?" என்று அவரே கேட்கிறார். மழை வந்தால்தான் மகனுக்கு வேலை என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அங்கே என்றால் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் மேரி நதிக்கரையில். சன்ஷைன் கோஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் பிறந்து, வடக்கு நோக்கி கிம்பி, தியாரோ, மேரிபரோ ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் ஆறு. பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. பல இடங்களில் ஒரு கல்லை வீசினால் அக்கரையில் விழும். ஆனால் மேரி நதி ஆமை என்ற பிராணி உலகத்தில் இந்த ஓர் ஆற்றில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது. வேலை மாற்றலாகி மேரிபரோ வந்து இரண்டு ஆண்டுகள் வரை எனக்கு இது தெரியாது. பச்சைப்பாசி தலையில் முடிபோல் வளர்ந்த ஓர் ஆமையின் படம் 2018இல் உலகமெங்கும் சுற்றியதே, அந்த ஆமை என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பதை மகள்தான் பள்ளியிலிருந்து வந்து சொன்னாள்.

அவளைக் கவர்ந்தது முடி அல்ல, மூச்சு. இந்த ஆமை மூக்கால் மூச்சுவிடும். அது போதாதென்று வாலடியில் இருக்கும் கழிவுத் துவாரத்தின் வழியாகவும் நீரை உள்ளே இழுத்து அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் மணிக்கணக்காக, சில வேளைகளில் நாள்கணக்காகக்கூட, மேலே வராமல் அடியில் கிடக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த செய்தி உலகில் உண்டா? வீட்டுக்கு வந்த விருந்தினர் அனைவரிடமும் சொல்லித் தீர்த்தாள். எனக்கோ கழுத்து ஆச்சரியமாக இருந்தது. ஆமைபோல் அடங்கு என்று நாம் சொல்லும்போது மனத்தில் வரும் ஆமை தலையை நேராக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். இது அப்படிச் செய்யாது. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கடியில் ஒடுக்கிக்கொள்ளும். அடக்கத்திலும் ஒரு சாய்வு.

வளர்ந்த ஆமையின் ஓடு அரை மீட்டர் வரை இருக்கும். ஆணின் வால் தடித்து, ஓட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரைகூட வளரும். இவ்வளவு பெரிய பிராணிக்கு 1994 வரை அறிவியலில் பெயரே கிடையாது. அதற்கு முன்பே 1960, 70களில் இதன் குஞ்சுகள் செல்லப்பிராணிக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்றன. கடையில் குஞ்சு இருக்கிறது, எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று விற்றவர்கள் சொல்லவில்லை. சிட்னியைச் சேர்ந்த ஜான் கேன் என்ற ஆமை ஆர்வலர் (1956 ஒலிம்பிக்கில் ஓடிய தடகள வீரர், பாம்பு காட்டும் குடும்பத்தில் பிறந்தவர்) இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி, கடைசியில் மேரி நதிக்கு வந்து சேர்ந்தார். அவரும் ஜான் லெக்லரும் சேர்ந்து வைத்த பெயர் எலுசர் மக்ரூரஸ். பெயரின் முதல் பாதி கைக்குச் சிக்காததைக் குறிக்கிறது, இரண்டாம் பாதி நீண்ட வாலை.

கடைகளுக்குப் போன குஞ்சுகள் எல்லாம் ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த முட்டைகளிலிருந்து வந்தவை. பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டச் சுமார் 25 ஆண்டுகள் ஆகும். அப்போது எடுத்த முட்டைகளின் இழப்பு அடுத்த தலைமுறையில்தான் தெரிந்தது. கிழட்டு ஆமைகள் இருந்தன, இளையவை இல்லை. மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு ஆற்றில் ஆமை இருப்பதாகவே தோன்றியது.

எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். சிறுவனாக இருந்தபோது கைச்செலவுக்கு முட்டை தோண்டியவர். முதல் நாளே அதை எந்தச் சங்கடமும் இல்லாமல் என்னிடம் சொன்னார். மழைக்குப் பிந்தைய விடியலில் கரையைப் பார்த்து, "அதோ, அங்கே" என்று அவர் கைகாட்டினால் அங்கே கூடு இருக்கும். எனக்குத் தெரிந்த கூடு தேடும் வித்தை முழுவதும் அவரிடமிருந்து வந்தது. பழைய திருடனைக் காவலுக்கு வைத்ததுபோல என்று நான் மனத்துக்குள் சிரித்துக்கொள்வேன். இப்படி ஒரு வேலையை உங்கள் ஊரில் தொடங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இத்தகைய ஆளைத்தான். ஒரு காலத்தில் பிடித்தவர், விற்றவர், தின்றவர் எவராவது இருப்பார். அவரைக் குற்றவாளிபோல் பார்த்தால் வாயே திறக்க மாட்டார்.

முட்டையிடும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை பெய்து ஓய்ந்த இரவில் பெண் ஆமை மணல் கரையேறும். ஆண்டுதோறும் அதே கரைகளையே தேடி வருகிறது என்பதால் மழை அறிவிப்பு வந்ததும் நாங்கள் யார் எந்தக் கரை என்று பிரித்துக்கொள்வோம். குயின்ஸ்லாந்தில் அந்த மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அதற்குள் நாம் அங்கே இருக்க வேண்டும். ஏழு மணிக்குப் போனால் காற்று தடத்தை அழித்திருக்கும், அல்லது நரி நமக்கு முன்னால் வந்து போயிருக்கும்.

தடம் என்பது இரண்டு வரிசை நகக்கீறல்களும் நடுவில் ஓட்டின் அடிப்பாகம் இழுபட்ட வழுவழுப்பும். நீரிலிருந்து மேலே ஏறும் கோடும் நீருக்குத் திரும்பும் கோடும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே கூடு. இப்படிச் சொல்வது எளிது. ஆமை தோண்டி முட்டையிட்ட பிறகு பின்னங்கால்களால் மணலைத் தள்ளி மூடி, மேலே அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகும். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த முதியவர் மண்டியிட்டுப் புறங்கையை மணலின் மேல் வைத்து மெல்ல நகர்த்துவார். சுற்றிலும் மழைநீர் இறுகிய மேல்தோடு இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது உடைந்து, மணல் பொலபொலவென்று இளகியிருக்கும். அங்கே இரண்டு விரலை மட்டும் விட்டு ஓரத்து மணலைப் பிடிமணல் பிடிமணலாக எடுப்பார். முதல் முட்டையின் வெள்ளை தெரிந்த கணமே நிறுத்திவிட்டு மூடிவிடுவார். எத்தனை முட்டை என்று பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். "எண்ணி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவருக்குக் காரணம் தெரியாது, பழக்கம் தெரியும். காரணத்தை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆமை முட்டையும் கோழி முட்டையும் ஒன்றல்ல. கோழி தன் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஆமையின் கரு, முட்டை தாயின் உடலுக்குள் இருக்கும்வரை வளராமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் வளர்ச்சி மறுபடி தொடங்கி, ஓட்டின் மேற்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்து சாகக்கூடும். ஆர்வக்கோளாறில் எடுத்துப் பார்த்து, அன்போடு திருப்பி வைத்த முட்டை வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருக்கும். இரண்டு மாதம் காத்திருந்து தோண்டினால்தான் கூழ் தெரியும். சட்டமும் இதையே சொல்கிறது. குயின்ஸ்லாந்தின் 1992ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் முட்டையையோ ஆமையையோ கையாளக் கூடாது. எங்களில் அனுமதி பெற்றவர்களும் அவர்கள் மேற்பார்வையில் இருப்பவர்களும் தவிர மற்றவர்கள் மணலில் விரல் வைப்பதில்லை.

இனி நரி. ஆஸ்திரேலியாவில் நரி பூர்வீகம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் நடந்த ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆமைக் கூடுகளை நரிகள் சூறையாடியது தெரியவந்தது. அது கூட்டைக் கண்ணால் தேடுவதில்லை. புதிதாகக் கிளறிய மண்ணின் வாசமும் முட்டையோடு வந்த ஈரத்தின் வாசமும் போதும். ஆகவே முதல் இரண்டு மூன்று இரவுகள்தான் கண்டம். அதைத் தாண்டினால், அதிலும் இன்னொரு மழை பெய்து வாசத்தைக் கழுவிவிட்டால், பாதி நிம்மதி. நரி தவிர ஊர் நாய்கள், உடும்புகள். உடும்பு இந்த மண்ணின் பிராணி. அது முட்டை தின்பது அதன் நியாயம். அதைத் தடுக்கலாம், துன்புறுத்தக் கூடாது.

கூட்டின் மேல் ஒரு மீட்டர் சதுர வலையை விரித்து, ஓரங்களை மணலுக்குள் புதைத்து, முளையடித்துவிடுவோம். கண்ணிகள் குஞ்சு தாராளமாக வெளியேறும் அகலத்தில், நரியின் பாதம் நுழைந்து தோண்ட முடியாத அளவில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். பக்கத்தில் கொடி, பளபளக்கும் பட்டை எதுவும் கட்டுவதில்லை. முதல் பருவத்தில் என் பங்குக்கு வந்த கரையில் நான் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினேன், அடையாளத்துக்காக. மறுவாரம் மீன்பிடிக்க வந்த சிலர் அங்கே என்ன இருக்கிறது என்று கிளறிப் பார்த்திருந்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. ரிப்பன் கட்டினால் யாருக்குத்தான் கை அரிக்காது? இப்போது இன்ன மரத்திலிருந்து இத்தனை அடி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. வலைபோட்டு முடித்த பிறகு நம் காலடித் தடங்களைக் கிளை ஒன்றால் பெருக்கிவிட்டு, வந்த வழியில் போகாமல் நீரோரமாகச் சுற்றிப் போகிறோம்.

அந்த முதல் பருவம் 2021இன் கடைசி மாதங்கள். ஆறு கூடுகள் என் பொறுப்பில் இருந்தன. 2022 ஜனவரியில் தியாரோவைச் சுற்றி வெள்ளம். வலை, முளை, கரை எல்லாம் போயின. வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தபோது என் கூடுகள் இருந்த இடத்தில் ஒரு முழுமரம் வேரோடு கிடந்தது. அடுத்த மாதம் கிம்பியில் ஆறு 22.96 மீட்டருக்கு ஏறியது. 1893க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை என்றார்கள். அக்டோபரில் இட்ட கூடுகள் சில டிசம்பரிலேயே பொரித்துப் போயிருந்தன. பின்னால் இட்டவை நீரில் மூச்சுத் திணறிப் போயின. குழுவிலிருந்து அந்த ஆண்டு சிலர் விலகினார்கள். எனக்கும் போதும் என்றிருந்தது. அந்த முதியவரிடம் சொன்னேன். அவர் ஆமைக்கு எத்தனை வயது வரும் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நீண்ட ஆயுள் இருப்பது ஒரு பருவம் போனால் அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளத்தானாம்.

இரண்டாவது பருவத்தில் நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையே. வெள்ளத்தில் இழந்த வேகமோ என்னவோ, என் கூடுகளை யாரும் நெருங்கவே கூடாது என்ற வெறி வந்துவிட்டது. ஒரு கரையில் இரவுக்கு இரவு நரியின் தடம் தெரிந்தது. வலையின் ஓரத்தைக் கிளறிப் பார்த்திருந்தது. நான் யாரையும் கேட்காமல் ஒரு வலைக்கு மேல் இன்னொரு வலையை, கண்ணிகள் குறுக்கே வருமாறு வைத்து முளையடித்தேன். இனி நரியல்ல, நரியின் பாட்டனாலும் முடியாது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை. கூட்டின் நடுவில் மணல் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. குஞ்சுகள் மேலே வந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். மகிழ்ச்சியோடு குனிந்தேன். இரண்டு வலைகளுக்கும் இடையில் ஐந்து குஞ்சுகள். கீழ் வலையைத் தாண்டி வந்துவிட்டன, மேல் வலையில் வழி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஓட்டோடு என் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் அளவு. ஓட்டின் விளிம்பு ரம்பம்போல் பற்களோடு இருக்கும், அது கம்பியில் மாட்டியிருந்தது. மூன்றின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு உயிரோடிருந்தன. ஒன்று முன்னங்காலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது, நீந்துவதுபோல.

அனுமதி உள்ளவருக்குத் தொலைபேசி செய்துவிட்டு, அவர் சொன்னபடி மேல் வலையை முளைகளைப் பிடுங்கித் தூக்கினேன். இரண்டும் ஆற்றுக்குப் போயின. மற்ற மூன்றையும் தாளில் எழுத வேண்டியிருந்தது. இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் நரி, உடும்பு, வெள்ளம், பிற என்று போட்டிருந்தார்கள். 'பிற' என்பதில் குறியிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். குழுவின் கூட்டத்தில் அதை வாசித்தபோது யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது: புதிதாக எந்தத் 'திருத்தம்' செய்தாலும், வலையில் ஒரு கம்பியை வளைப்பதாக இருந்தாலும், இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். குஞ்சளவு மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறோம். வலைபோட்டதும் அதை எல்லாக் கண்ணிகளிலும் விட்டுப் பார்ப்போம்.

பண்ணைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கரைகளில் பெரும்பாலானவை அவர்கள் நிலத்தின் வழியாகப் போனால்தான் எட்டும். மாடுகள் கரையிறங்கித் தண்ணீர் குடிக்கும்போது கூடுகள் மிதிபடுகின்றன. நான் துண்டுப்பிரசுரத்தை நீட்டி 'அழிந்துவரும் இனம்' என்று ஆரம்பித்த வீட்டில் கதவு நாகரிகமாகச் சாத்தப்பட்டது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அடுத்து அரசாங்கம் வந்து நிலத்தில் எதைச் செய்யக் கூடாது என்று பட்டியல் போடும் என்ற பயம் அவர்களுக்கு. அடுத்த முறை குழுவின் மூத்த அம்மையார் வந்தார். அவர் ஆமை என்ற சொல்லையே முக்கால் மணி நேரம் எடுக்கவில்லை. மாட்டின் விலை, வறட்சி, மருமகன், பூனைநகக் கொடி மரங்களை மூடுவது என்று சுற்றி வந்து, கரைக்கு வேலி போட்டு மேலே தொட்டிவைத்தால் மாடு சேற்றில் சிக்காது, நல்ல தண்ணீர் குடித்த மாடு எடைபோடும் என்பதில் வந்து நின்றார். வேலி வந்தது.

இன்னொன்றையும் அவர்தான் நினைவூட்டினார். 2006இல் மாநில அரசு இதே ஆற்றின் குறுக்கே டிராவெஸ்டன் என்ற இடத்தில் பெரிய அணை கட்டப்போவதாக அறிவித்தது. பண்ணைகள் பல நீருக்கடியில் போகவிருந்தன. பல நிலங்களை அரசு வாங்கியும்விட்டது. விவசாயிகளும் இயற்கை ஆர்வலர்களும் ஒரே மேடையில் நின்று போராடினார்கள். 2009 நவம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் காரெட் திட்டத்தை நிராகரித்தபோது, காட்டிய காரணம் மேரி நதி ஆமை, மேரி நதி காட் மீன், நுரையீரல் மீன் ஆகியவற்றுக்கு வரும் ஆபத்து. ஆக, அந்தப் பள்ளத்தாக்கில் இன்று மாடு மேய்கிறது என்றால் அதில் ஆமைக்கும் பங்கு உண்டு. பழைய ஆட்களிடம் இதைச் சொன்னால் தலையசைப்பார்கள். எனக்கு இந்த வரலாறு தெரிந்திருந்தால் முதல் வீட்டில் துண்டுப்பிரசுரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருப்பேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: தியாரோவின் நிலப் பராமரிப்புக் குழு ஆமை வடிவ சாக்லேட் விற்றே இதற்கு நிதி திரட்டியிருக்கிறது. வலையும் முளையும் பெரிய செலவல்ல. செலவாவது தூக்கமும் பெட்ரோலும். பருவம் இல்லாத மாதங்களில் மணல் கரைகளில் படர்ந்த புல்லைப் பிடுங்குகிறோம். அந்த வேலைக்குப் படம் எடுக்க யாரும் வருவதில்லை, ஆனால் வேர்ப்பின்னலில் ஆமையால் தோண்ட முடியாது. கரை புல்லானால் வலை எதற்கு?

தனியாகப் போக நினைப்பவர்களுக்கு ஓரிரு சொற்கள். பழுப்புப் பாம்பு அதிகம், முழங்கால் வரை மூடும் காலணி போடுங்கள். சாலையில் ஆமையைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விடுங்கள். தூண்டிலில் சிக்கினால் தூண்டில் கயிற்றைக் குட்டையாக வெட்டிவிட்டு, கொக்கியை நீங்களே பிடுங்காமல் வனவிலங்கு மீட்பவர்களை அழையுங்கள்.

சென்ற ஜனவரியில் மகளை அழைத்துப் போனேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. குஞ்சுகள் வெளியேறிப் பல நாள் ஆன கூடு அது. அனுமதி உள்ள அம்மையார் மணலைத் தோண்டி வெற்று ஓடுகளை எடுத்து வரிசையாக வைத்தார். மகள் எண்ணினாள். பதினான்கு பொரித்தவை, ஒன்று பொரிக்காதது. இதிலிருந்து போன பெண் குஞ்சு எப்போது திரும்பி வந்து இதே கரையில் முட்டையிடும் என்று கேட்டாள். 25 ஆண்டுகள் ஆகும் என்றேன். விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தவள், "அப்போது எனக்கு முப்பத்தேழு. உங்களுக்கு அறுபத்தெட்டு. மண்டியிட முடியுமா அப்பா?" என்றாள். பதில் சொல்வதற்குள் அம்மையாரிடமிருந்து தாளை வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டாள். கூட்டின் எண், தேதி, ஓடுகளின் எண்ணிக்கை. கடைசியில் 'குறிப்புகள்' என்ற கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் கொஞ்சம் யோசித்து, அழுத்தமாக எழுதினாள்: அப்பா ஒரு வலைதான் போட்டார்.